கொளத்தங்கரைக்குப் போன்னு சொன்னது நாந்தானுங்க

உக்காருங்க தம்பி, நின்னுட்டே எதுக்குக் கேக்கறீங்க. கேமராப் பையக் கீழ வெக்காதீங்க, பெஞ்சுக்கடியில எறும்பு. மடியில வெச்சுக்குங்க. மாப்ள, தம்பிக்கு ஒரு டீ போடு.

பிளேன் எடுக்கறதுக்கு எங்க நிக்கலாம்னு கேக்கறீங்க. கேக்கலாமுங்க, தப்பில்ல. வெள்ளென பஸ் ஏறி இந்த ரோட்டுப் பிரிவுல வந்து எறங்கி, நேரா எங்கிட்ட வந்து கேக்கறீங்களே, என்னைக் கேக்கச் சொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க. லாரன்ஸா? போன்ல எழுதி வெச்சிருக்கானா? காட்ட வேண்டாமுங்க. அவன் எழுதறதெல்லாம் நான் படிக்கறதில்ல. ஒரு வருசமாச்சு. உள்ள வெச்சுக்குங்க.

எனக்கு அவன் மேல கோவம் ஒண்ணும் கெடையாதுங்க. பொறாமையும் கெடையாது. அவன் கோயமுத்தூர்ல பொய்ப்பல்லுச் செய்யறவன். நான் காத்தாடி மெக்கானிக்கு. அதோ தெரியுதில்லீங்களா, வரிசையா நிக்குதே கரண்டு காத்தாடி, அதுலதான் இருபத்தாறு வருசமா ஏறி எறங்கறேன். இதுல பொறாமைக்கு எங்க எடமிருக்குது, நீங்களே சொல்லுங்க.

அந்தக் காலண்டரைப் பாக்காதீங்க. டீயக் குடிங்க.

இந்தப் பையா? அது சும்மா. சோத்துப் பை.

சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன். ஆனா மொதல்ல ஒண்ணு. ஏர்போர்ஸ் தளத்தோட மதிலுப் பக்கம், கேட்டுப் பக்கம் கேமராவ வெளிய எடுக்கவே கூடாது. உள்ள இருக்கற எதையும் எடுக்கக் கூடாது. வானத்துக்கு வந்தாத்தான் நம்மளுது. ஆரம்பத்துல என்னையும் ஒருக்கா ஸ்டேசன்ல உக்கார வெச்சாங்க. படத்தையெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்தாங்க. எல்லாம் வெறும் ஆகாசம். அனுப்பிச்சுட்டாங்க. அன்னைக்கு ஒரு ஏட்டய்யா சொன்னாரு, ‘இதுல என்னய்யா இருக்குது, நீ இவ்ளோ சிரமப்படறதுக்கு’ன்னு. எனக்கு அந்த வார்த்தைதானுங்க ரொம்ப வலிச்சுது.

நிக்கறதுக்கு இங்க ரெண்டே எடந்தான். கெழக்க மயிலாத்தாக்கா வீட்டு மொட்டை மாடி. மேக்க நாவக்கொளத்துக் கரை. என்னைக்கு எதுன்னு யாருக்கும் தெரியாது. தெரியாம நின்னீங்கன்னா நாள் பூரா பிளேனோட வாலத்தான் பாத்துட்டுப் போகோணும். அதைக் கண்டுபிடிச்சவன் நானுங்க. இந்தக் கையி கண்டுபிடிச்சுது.

சொல்றேன் கேளுங்க. பிளேனு காத்துக்கு எதுத்தாப்லதான் ஏறும். எறங்கறதும் அப்படித்தான். காத்தாடியும் காத்துக்கு எதுத்தாப்லதான் மூஞ்சியக் காட்டி நிக்கும், காத்து திரும்புனா மோட்டார் ஓடி அதுவும் திரும்பிக்கும். அப்ப, காத்தாடி எந்தப் பக்கம் பாக்குதோ பிளேனும் அந்தப் பக்கந்தான் கெளம்பும். காத்தாடி கெழக்க பாத்தா மாடிக்குப் போ. மேக்க பாத்தா கொளத்துக்குப் போ. அவ்வளவுதானுங்க. அவ்வளவுதான், ஆனா ஊருக்கே தோணலையே? தெனமும் காத்தாடியப் பாத்துட்டுத்தான போறாங்க? எனக்குத்தான தோணுச்சு?

எங்களுக்கு ஒரு குரூப்பு இருக்குதுங்க. ஒம்பது பேரு. வருசா வருசம் எங்க படத்தப் போட்டு ஒரு காலண்டர் அடிப்போம். அட்டைக்கு எந்தப் படம்னு ஒரு ட்ராயிங் மாஸ்டர் இருக்காரு, அவருதான் சொல்லுவாரு. எட்டு வருசம் அட்டையில என் படந்தான். சும்மா இல்லீங்க. என் படத்துல ரெக்கையில அடிச்ச ஆணிய எண்ணலாம். பைலட்டு மீசை வெச்சிருக்கானா இல்லையான்னு பாக்கலாம். ஒரு தடவ இந்தக் கடைக்காரர் பாத்துட்டு, ‘ஏனுங்கண்ணா, பக்கத்துல போயிப் புடிச்சு வெச்சு எடுத்தீங்களா’ன்னாரு. அப்படி எடுப்பனுங்க.

இதுல வந்து சேந்தான் லாரன்ஸு. முந்தா வருசம் மாசி மாசம். ஒரு பழைய கேமரா, ஒரு துணிப் பை. இது என்ன பிளேன்னு கேட்டா, ‘பிளேன்’னுவான். அது ஹெலிகாப்டரா இருந்தாலும் ஒரு நிமிசம் யோசிப்பானுங்க. நான் சத்தத்த வெச்சே, கண்ணு மூடிட்டு, எது வருதுன்னு சொல்லுவேன். அவனுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது. தெரியாதேங்கற வெசனமும் இல்ல. ‘அண்ணா, சூப்பரா இருக்குல்ல?’ன்னுட்டு வாயத் தெறந்து பாத்துட்டே இருப்பான். படம் எடுக்க மறந்துருவான். நாந்தான் பாவம்னு காத்தாடி விசயத்தச் சொல்லிக் குடுத்தேன். எல்லாத்துக்கும் சொல்றதில்லீங்க. இவன் என்ன பெருசாக் கிழிச்சுறப் போறான்னு சொன்னேன்.

நாந்தான் மாடிக்கும் கூட்டிட்டுப் போனேன். எம் புத்தியச் செருப்பால அடிக்கோணும்.

மயிலாத்தாக்கா நல்ல மனசுங்க. தென்னந்தோப்புக்குள்ள வீடு. மொத நாளு நான் போயி, மேல ஏறிக்கலாமுங்களாக்கான்னு கேட்டப்ப, ‘அதுக்கென்ன கண்ணு, மொளகாய மிதிக்காம ஏறிக்க’ன்னுச்சு. மாடி பூரா மொளகா காயப் போட்டிருக்கும். எட்டு வருசம் நான் ஒரு மொளகாயக் கூட மிதிச்சதில்லீங்க. நேராப் போவேன், தண்ணித் தொட்டி விளிம்புல உக்காருவேன், மேல பாப்பேன், பிளேன் போச்சுன்னா எறங்கி வந்துருவேன். படியில எனக்கு ஒரு டம்ளர் காப்பி இருக்கும். குடிச்சுட்டுக் கழுவி வெச்சுட்டு வருவேன். ஒரு தொந்தரவு குடுத்ததில்ல.

லாரன்ஸு வந்து மூணாவது வாரம் மாடியில ஒரு சேரு இருக்குதுங்க. சேரு! நான் எட்டு வருசமாத் தொட்டி விளிம்புல உக்காந்திருக்கேன். ‘ஏனுங்கக்கா, சேரெல்லாம்?’னு கேட்டேன். ‘லாரன்ஸுத் தம்பிக்கு இடுப்பு வலியாமா, பாவம்’ங்குது. எனக்கு முட்டி வலிங்க. காத்தாடி ஏறி ஏறி ரெண்டு முட்டியும் போச்சு. அதை எங்கயாவது போயிச் சொன்னனா?

அப்பறம் அவனை வீட்டுக்குள்ள கூப்புட்டுச் சோறு போடறாங்க. ஒறம்பரை வந்தாப் போடற மாதிரி, எலை போட்டு. எனக்குப் படியில காப்பி. அவன் என்ன செய்வான்னா, மேகம் மூடுச்சுன்னா கேமராவத் தூக்கிப் போட்டுட்டு மொளகாய வாரிக் கட்டுவான். பாதிப் பிளேனு போயிருக்கும், இவன் சாக்கப் புடிச்சுட்டு நிப்பான். இதெல்லாம் காக்கா புடிக்கற வேலைங்க. எனக்கு வராது.

அதோட விட்டானா? ஒரு நா போறேன், மயிலாத்தாக்கா என்னையப் பாத்துச் சிரிக்குது. நல்லா, வாய் நெறையச் சிரிக்குது. எனக்கு ஆரோன்னு இருந்துச்சு. பாத்தா புதுப் பல்லு. மேல் வரிசை பூராம் லாரன்ஸு செஞ்சு குடுத்திருக்கான். ‘எத்தன வருசமாச்சு கண்ணு, நான் முறுக்குக் கடிச்சு’ங்குது. அதுக்கு முன்னால அந்தக்கா எப்பப் பேசுனாலும் முந்தானையால வாயப் பொத்திக்கும். நான் கூச்சம்னு நெனச்சுட்டிருந்தேன். எட்டு வருசமும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன். இவன் வந்த மொத நாளே கேட்டுட்டானாமா, ‘பல்லு என்னாச்சுக்கா’ன்னு. பாத்துக்குங்க. பல்லக் கட்டிக் குடுத்து மாடியப் புடிச்சுட்டானுங்க.

அப்பத்துல இருந்து எனக்கு ராத்திரி சோறு எறங்கல. ஆமாங்க, வயிறு எரிஞ்சுது. சொல்றதுக்கென்ன வெக்கம். உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க.

போன வருசம் புரட்டாசி. இன்னைக்கு இருக்கற மாதிரியே பிளேன் சாகசத்துக்கு ஒத்திகை. செவப்பு பிளேனு ஒம்பது, மூணு மூணாச் சேந்து கெளம்பும், பின்னாலயே கலர் புகை விட்டுட்டு. வருசத்துல ஒரு நாளு. அதுதான் எங்க எல்லாத்துக்கும் நோம்பி. நான் வெள்ளென எந்திரிச்சு வந்து பாத்தேன். எல்லாக் காத்தாடியும் கெழக்க பாத்து நிக்குதுங்க. சந்தேகமே இல்ல. மாடிக்குத்தான் வரப்போகுது. சூரியன் முதுகுக்குப் பின்னால, பிளேனு மூஞ்சிக்கு நேரா. எல்லா ஆணியும் தெரியும்.

லாரன்ஸு பஸ்ஸ விட்டு எறங்குனான். இதே எடத்துல. இதே பெஞ்சு. ‘அண்ணா, இன்னைக்கு எந்தப் பக்கம்?’னான்.

நான் டீக் கிளாஸப் பாத்துட்டே சொன்னனுங்க, ‘கொளத்தங்கரைக்குப் போ. காத்து திரும்பப் போகுது’ன்னு.

பொய்யிதான். சுத்தப் பொய். அவன் என் மூஞ்சிய ஒரு நிமிசம் பாத்தான். ‘சரிங்கண்ணா’ன்னான். அவங்கிட்ட வண்டி இல்லீங்க. பையத் தோள்ல மாட்டிட்டு நடந்து போனான். முதுகு தெரியற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன். அப்பறம் ரெண்டாவது டீயும் சொல்லிக் குடிச்சேன். அன்னைக்கு அது நல்லா இனிச்சுது.

மாடிக்குப் போனா மயிலாத்தாக்கா கேக்குது, ‘லாரன்ஸு வல்லியா?’ ‘அவனுக்கு வேற எடம்’னேன். அந்தச் சேருல உக்காந்தனுங்க. மொதத் தடவையா. நல்ல சௌகரியமான சேரு. கேமராவ எல்லாம் சரி பண்ணி வெச்சுட்டு, காத்துக்கிட்டிருந்தேன். ஒம்பதே முக்கால் இருக்கும். பின்னங்கழுத்துப் பொடனியில காத்து பட்டுட்டு இருந்தது நின்னு போச்சு. மொளகா வாசம் மூஞ்சிக்கு வருது. திரும்பிக் காத்தாடியப் பாக்கறேன்.

தம்பி, இருபத்தாறு வருசமா அந்தக் காத்தாடிங்களுக்கு நான் எண்ணெய் போட்டிருக்கேன். மழையில ஏறியிருக்கேன். அதுங்க ஒவ்வொண்ணா மூஞ்சியத் திருப்புதுங்க. கல்யாண வீட்டுல வேண்டாதவன் உள்ள வந்தா, பந்தியில இருக்கறவங்க ஒவ்வொருத்தராத் திரும்பிக்குவாங்கல்ல, அப்படி. எல்லாம் மேக்க. புரட்டாசிக் காத்து ஒரு நெலையா நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து ஒரு தள்ளு தள்ளுனா எல்லாம் மாறிரும்னு தெரியாதா? தெரியும். ஆனா அன்னைக்கு நான் காத்த எங்க பாத்தேன், அவன் முதுகத்தான பாத்துட்டு இருந்தேன்.

ஒம்பது பிளேனும் மேக்க பாத்துக் கெளம்புச்சு. நேராக் கொளத்து மேல. எனக்குத் தெரிஞ்சது ஒம்பது வாலு. கடுகு கடுகா.

இப்பப் பாருங்க அந்தக் காலண்டர. பாத்துக்குங்க. கொளத்துல ஒருத்தன் பரிசல்ல நிக்கறான். மீன் வலையக் கையில புடிச்சுட்டு, இன்னொரு கைய நெத்திக்கு வெச்சு மேல பாக்கறான். அவன் தலைக்கு மேல அந்த ஒம்பதும். சூரியனுக்கு எதுக்க எடுத்திருக்கான், அதனால எல்லாம் கருப்பா, புகை மட்டும் தங்கமா இருக்குது. நீங்களே சொல்லுங்க, இதுல ஒரு ஆணி தெரியுதா? பிளேன எடுக்கப் போனவன் மீன்காரன எடுத்துட்டு வந்திருக்கான். ட்ராயிங் மாஸ்டர் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க அதப் பாத்து. நான் என்னத்தச் சொல்ல. நல்லா இருக்குதுன்னு தெரியாத அளவுக்கு நான் குருடன் இல்ல. அதுதானுங்க எரியுது.

அதையாவது பொறுத்துக்குவேன். அப்பறம் நடந்ததுதான் பொறுக்க முடியல. லாரன்ஸு போயிச் சொல்லி, குரூப்புல எல்லாருமே என்னையத் தூக்கி வெச்சு ஆடறாங்க. ‘காத்து திரும்பும்னு ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாலயே சொன்ன மனுசன்’ங்கறாங்க. ‘தான் மாடியில நின்னுட்டு நல்ல எடத்தப் புதுசா வந்தவனுக்கு விட்டுக் குடுத்தாரு’ங்கறாங்க. ஆணி தெரியற மாதிரி எட்டு வருசம் எடுத்தேன், அப்ப ஒருத்தனும் இப்படிப் பேசல. ஒரு பொய்யிச் சொன்னேன், அதுக்கு மால போடறாங்க. நான் என்னன்னு வாயத் தெறக்கறது? அன்னைக்கோட குரூப்ப விட்டு வந்துட்டேன். மாடிக்கும் போறதில்ல. மயிலாத்தாக்கா ரெண்டு தடவ ஆள் சொல்லி உட்டுச்சு. போகல.

என்னங்க, சும்மா சும்மா போன நீட்டறீங்க? நாந்தான் படிக்க மாட்டேன்னு சொன்னனே. என்னையப் பத்தி இருக்குதா? என்னையப் பத்தி என்ன எழுதியிருக்கான்? திட்டியிருக்கானா?

குடுங்க. கண்ணாடி இல்ல, கொஞ்சம் தள்ளிப் புடிச்சுப் படிக்கறேன்.

‘விமானம் பார்க்க வருகிறவர்கள் முதலில் பிரிவு டீக்கடையில் திருமூர்த்தி அண்ணனைக் கேளுங்கள்.’ சரி. அது தெரியுது. ‘போன வருடம் ஒத்திகை அன்று நான் பஸ்ஸில் வரும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காத்தாடிகள் எல்லாம் கிழக்கே பார்த்து நின்றன.’

பாத்திருக்கானா?

இருங்க. ‘அண்ணன் மேற்கே போகச் சொன்னார். மாடியில் தனியாக நிற்க ஆசைப்படுகிறார் போல, அவர் கண்டுபிடித்த மாடிதானே என்று நினைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் போனேன். நடந்து போகும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு காற்று திரும்பியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்படிப்பட்ட மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டேன். அண்ணனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் மாடிக்கு வருவதே இல்லை. வந்தால் கேட்க வேண்டும்.’

போன வாங்கிக்குங்க தம்பி.

இல்ல, ஒண்ணுமில்ல. டீ ஆறிப்போச்சு.

தெரிஞ்சேதான் போயிருக்கான். காத்தாடிய நாந்தான பாக்கச் சொல்லிக் குடுத்தேன். பஸ்ஸுல வரும்போதே பாத்திருக்கான், தெரிஞ்சேதான் ‘சரிங்கண்ணா’ன்னிருக்கான். அத்தன தூரம் நடந்திருக்கான். இப்ப எங்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறானாமா. எங்கிட்ட! கேட்டீங்களா இந்த அநியாயத்த? மாடிய எடுத்துட்டான், சேர எடுத்துட்டான், அட்டைப்படத்த எடுத்துட்டான். சரி, போகட்டும். இதுலயும் அவனே மேலயா? எனக்குன்னு ஒண்ணு உட்டு வெக்க மாட்டானா?

இன்னைக்கும் வந்திருப்பான். ஆமா, எட்டு மணி பஸ்ஸுல போனத நான் பாத்தேன். தலையத் திருப்பிக்கிட்டேன். காலைல காத்தாடி கெழக்க பாத்துட்டிருந்துச்சு, மாடியிலதான் இருப்பான். சேருல.

தம்பி, திரும்பிப் பாருங்க. அந்தக் கடைசிக் காத்தாடி. நல்லாப் பாருங்க, மூஞ்சி எங்க இருக்குது? வடக்கயா? அது திரும்பிட்டு இருக்குதுங்க. இன்னும் பத்து நிமிசத்துல மேக்க வந்து நிக்கும். மாடியில இருக்கறவனுக்குத் தெரியாது, அந்தத் தென்ன மரம் ஒரு வருசத்துல வளந்து மறைச்சிருக்கும். அவனுக்கு ஒம்பது வாலுதான் கெடைக்கும். கடுகு கடுகா.

கெடைக்கட்டுமே. ஒரு வருசம் அவனும் பாக்கட்டும். என்ன இப்ப?

மணி என்னாச்சு? ஒம்பதரையா. பிளேன் கெளம்ப இன்னும் அரை மணி நேரம்.

அவன் நம்பர் உங்க போன்ல இருக்குதுல்ல? போடுங்க. இல்ல, நீங்க பேசாதீங்க, குடுங்க. நம்புவானான்னு கேக்கறீங்களா? நம்புவானுங்க. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்காம நம்புவான். அதுதானுங்க என் வயித்தெரிச்சலே.

அலோ. லாரன்ஸா? திருமூர்த்தி பேசறேன். ஆமா, நாந்தான். நல்லா இருக்கறேன், நல்லா இருக்கறேன். அதெல்லாம் அப்பறம் பேசலாம், இப்பச் சொல்றதக் கேளு. கொளத்தங்கரைக்குப் போ. காத்து திரும்புது. ஆமா. நடக்க வேண்டாம், நீ கீழ எறங்கி வாசல்ல நில்லு, நான் வண்டி எடுத்துட்டு வர்றேன். மொளகாய வாரிட்டு இருக்காத, அக்கா பாத்துக்கும்! என்ன? அக்கா என்ன சொல்லுது? முறுக்கா? சரி, கட்டித் தரச் சொல்லு.

பாத்தீங்களா. ஏன்னு கேக்கல.

அந்தப் பைய இப்படிக் குடுங்க தம்பி. ஆமா, கேமராதான். சோத்துப் பைன்னு சும்மா சொன்னேன். ஒரு வருசமாத் தெனமும் தூக்கிட்டுத்தான் வர்றேன். இப்பப் போயி அவனக் கூட்டியாரணும். வண்டியில பின்னால உக்காருவான் பாருங்க, அப்பச் சொல்லிறலாம்னு இருக்கறேன், அன்னைக்கு நான் சொன்னது பொய்யின்னு. மூஞ்சியப் பாத்துட்டு என்னால சொல்ல முடியாதுங்க. முன்னால ரோட்டப் பாத்துட்டுன்னா சொல்லிருவேன்.

நீங்க நடந்துருங்க. இந்த மண்ணுத் தடத்துலயே நேராப் போனா இருபது நிமிசம், கரை வந்துரும். கரையில எங்க வேண்ணாலும் நின்னுக்குங்க. எடது கைப் பக்கம் ஒரு புளியமரம் இருக்கும், அதுக்கடியில மட்டும் நிக்காதீங்க. போன வருசம் அவன் அங்க நின்னுதான் எடுத்தானாமா. இந்த வருசம் அது எனக்குங்க.